ஃபொக் லைற் பூட்டப் போகிறீர்களா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி தொடங்கினால் வாகன மின்வேலை செய்கிற எங்களிடம் ஃபொக் லைற் (வாகனத்தின் முன்பக்கம் தாழ்வாகப் பூட்டும் பனிமூட்ட விளக்கு) பற்றி ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். உப்புவெளியிலிருந்து வருகிறவரும் கேட்பார், மூதூரிலிருந்து வருகிறவரும் கேட்பார். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில்களை வைத்திருக்கிறேன். முதல்முறையாக வயர் பிடிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது. மேலிருந்து வரிசையாக வாசித்தால் பின்னால் வருபவை இலகுவாக விளங்கும்.

ஃபொக் லைற் எண்டா ஹெட்லைற்றை விடக் கூட வெளிச்சம் வாற லைற்றுத்தானே?

இல்லை. அப்படி நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஃபொக் லைற்றின் வேலை தூரத்தைக் காட்டுவது அல்ல. அதன் ஒளி அகலமாக, தட்டையாக, தாழ்வாகப் போகும். மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேராக நிற்கும், அதற்கு மேலே வெளிச்சம் போகக்கூடாது.

பனியிலும் கனமழையிலும் ஹெட்லைற்றின் ஒளி நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஃபொக் லைற் கீழே இருந்து ரோட்டோடு ஒட்டிப் போவதால் கண்ணுக்குத் திரும்பும் ஒளி குறையும். ரோட்டின் ஓரமும் வெள்ளைக் கோடும் தெரியும். மெதுவாகப் போகும்போது அதுதான் தேவை.

திருகோணமலையில எங்க பனி? நுவரெலியாக்காரருக்குத்தானே இது வேணும்?

நகரத்துக்குள் ஓடுகிறவருக்கு அநேகமாகத் தேவையில்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

ஆனால் ஏ6 வீதியில் விடியற்காலையில் கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், மார்கழி, தை மாதங்களில் குளத்தையும் வயலையும் ஒட்டிய இடங்களில் பனி படர்ந்து கிடக்கும். அதைவிடப் பெரிய காரணம் வடகீழ்ப் பருவமழை. இரவில் அடித்து ஊற்றும்போது ஹொரவப்பொத்தானை வீதியிலும் புல்மோட்டை வீதியிலும் ரோட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. நம் பகுதியில் ஃபொக் லைற் பெரும்பாலும் மழை லைற்றாகத்தான் பயன்படுகிறது.

யானை நிண்டா தெரியுமா அண்ணை?

தெரியாது. கல்ஓயாச் சந்தி, ஹபரணைப் பக்கம் இரவில் போகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், அதனால் தெளிவாகச் சொல்கிறேன். சரியாகப் பூட்டிய ஃபொக் லைற் முப்பது மீற்றர் அளவுக்குத்தான் ரோட்டைக் காட்டும். யானையின் நிறம் இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும். கால்கள் மட்டும் தெரியும் நேரத்தில் நீங்கள் அதற்கு மிகக் கிட்டப் போயிருப்பீர்கள். அந்த வீதியில் வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாக எந்த லைற்றும் வராது. யானை தெரியட்டும் என்று ஃபொக் லைற்றை மேலே தூக்கிப் பூட்டுகிறவர்கள் எதிரே வருகிறவரின் கண்ணைத்தான் பறிக்கிறார்கள்.

நான் வயர் வேலை செய்து பழக்கமில்லை. வீட்டிலேயே செய்யலாமா, இல்லாட்டி ஆரிட்டையும் குடுக்கோணுமா?

12 வோல்ற் கார், வான், கப் (பிக்கப்) வாகனம் என்றால் செய்யலாம். ஒரு பகல் ஒதுக்குங்கள். இரண்டு லைற், நான்கு கால் ரிலே (கீழே விளக்கியிருக்கிறேன்), மூடியுள்ள ஃபியூஸ் தாங்கி, சுவிட்ச், தேவையான வயர், கிரிம்ப் முனைகள் (வயர் நுனியில் நசுக்கிப் பூட்டுபவை), சூடு காட்டினால் சுருங்கும் குழாய், நெளிவுக் குழாய், பிளாஸ்ரிக் கட்டிகள் ஆகியவை வேண்டும். கருவியில் கட்டாயமானவை இரண்டு: நல்ல கிரிம்ப் குறடு, மல்ரிமீற்றர் (வோல்ற், அம்பியர் அளக்கும் கருவி). மீற்றர் இல்லாமல் தொடங்க வேண்டாம். வயர் நிறத்தைப் பார்த்து ஊகிப்பது வாகனத்தில் செல்லாது.

வேலை தொடங்கும் முன் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றுங்கள். முடிந்தபின் அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். பொசிற்றிவைக் கழற்றும்போது சாவி (ஸ்பனர்) பொடியில், அதாவது வாகனத்தின் உலோக உடலில், பட்டால் நெருப்புப் பொறி பறக்கும். நெகற்றிவ் முதலிலேயே கழன்றிருந்தால் அது நடக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட வயர் கண்டால் கை வைக்காதீர்கள், அது எயார்பாக்குக்குப் போவது.

ஹைபிரிட் வாகனம், 24 வோல்ற் லொறி, மோட்டார் சைக்கிள் என்றால் கீழே தனியாக எழுதியிருக்கிறேன், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஹலோஜன் நல்லதா, எல்.ஈ.டி. நல்லதா? மஞ்சள் பனியைக் கிழிச்சுக்கொண்டு போகும் எண்டு சொல்லினம், உண்மையா?

முதல் பாதிக்கு: புதிதாகச் செய்கிறவருக்கு நல்ல எல்.ஈ.டி. இலகு. 55 வாற் ஹலோஜன் இரண்டு சேர்ந்தால் 110 வாற், ஏறத்தாழ 9 அம்பியர். 20 வாற் எல்.ஈ.டி. இரண்டும் சேர்ந்து மூன்றரை அம்பியருக்கும் குறைவு. ஆனால் ஃபொக் லைற் என்ற பெயரில் விற்பதெல்லாம் ஃபொக் லைற் அல்ல. நாற்புறமும் ஒளியை வாரி இறைக்கும் சதுரக் கட்டை லைற்றுகள் மழையில் நிலைமையை மோசமாக்கும். கடையிலேயே சுவரில் அடித்துப் பாருங்கள். மேல்விளிம்பு நேராக வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஹலோஜன் கூட்டுக்குள் எல்.ஈ.டி. பல்ப்பை மட்டும் மாற்றிப் போடுவதையும் நான் விரும்புவதில்லை. ஒளி பிறக்கும் இடம் மாறுவதால் அந்த வெட்டு கலைந்துவிடுகிறது.

மஞ்சள் பற்றி: பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது. அதனால் அது எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். மஞ்சள் பனியை ஊடுருவும் என்பது சரியில்லை. பலருக்கு மஞ்சளில் கண் கூச்சம் குறைவாக இருக்கிறது என்பது வேறு விடயம். நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சளோ இளஞ்சூடான வெள்ளையோ மழையில் கண்ணுக்கு இதம். பிரான்சில் 1993 வரை ஹெட்லைற்றே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது.

ரிலே எதுக்கு? சுவிட்ச்சில இருந்து நேரா லைற்றுக்குக் குடுத்தா வேலை செய்யாதா?

வேலை செய்யும். அதுதான் ஆபத்து. செய்கிறது என்பதால் ஆட்கள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். 9 அம்பியர் மெல்லிய வயரிலும் சிறிய சுவிட்ச்சிலும் மணிக்கணக்காக ஓடினால் சுவிட்ச்சின் உள்முனை சூடாகிக் கருகும், பிளாஸ்ரிக் இளகும். டாஷ்போர்டுக்குள் தீப்பிடிப்பது இப்படித்தான்.

ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் இன்னொரு சுவிட்ச். அதன் சுருளை இயக்க 0.15 அம்பியர் அளவு போதும். உங்கள் விரல் தொடும் சுவிட்ச்சில் ஓடுவது அவ்வளவுதான். பெரிய மின்னோட்டம் பற்றரியிலிருந்து ரிலே வழியாக லைற்றுக்குப் போகும், டாஷ்போர்டுக்குள் வராது. எல்.ஈ.டி.க்கு மின்னோட்டம் குறைவு என்றாலும் நான் ரிலே போடத்தான் சொல்வேன். பின்னால் ஹலோஜனுக்கு மாறினாலும் வயரிங்கைத் தொட வேண்டியிராது.

ரிலேயில 30, 85, 86, 87 எண்டு கிடக்கு. எது எதுக்கு?

30: பற்றரி பொசிற்றிவிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர். 87: லைற்றுகளுக்குப் போகும் வயர். 86: சுவிட்ச்சிலிருந்து வரும் வயர். 85: எர்த் (பொடி வழியாகப் பற்றரி நெகற்றிவுக்குத் திரும்பும் இணைப்பு). இந்த இலக்கங்கள் ஜேர்மன் தர முறையிலிருந்து வந்தவை. பொதுவான ரிலேக்கள் பெரும்பாலானவற்றில் இதையே பார்க்கலாம்.

85ஐயும் 86ஐயும் மாற்றிக் கொடுத்தாலும் சாதாரண ரிலே இயங்கும். உள்ளே டயோட் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலே என்றால் மாற்றக்கூடாது, 86க்குத்தான் பொசிற்றிவ். பழக்கத்துக்கு எப்போதும் 86க்கே கொடுங்கள்.

ஐந்து கால் ரிலே வாங்கினால் நடுக்காலைப் பாருங்கள். 87ஏ என்று எழுதியிருந்தால் அதில் எதையும் பூட்ட வேண்டாம். ரிலே ஓய்ந்திருக்கும்போது மின்சாரம் வருகிற கால் அது. இரண்டாவது லைற்றை அதில் கொடுத்தால், ஒன்றை ஓன் பண்ண மற்றது அணையும். சில ரிலேக்களில் ஐந்தாவது காலும் 87தான். அது பிரச்சினையில்லை, ஒவ்வொரு லைற்றுக்கும் ஒவ்வொரு கால் எடுக்கலாம்.

ஃபியூஸ் எத்தனை அம்பியர்? எங்க பூட்டோணும்?

55 வாற் ஹலோஜன் இரண்டுக்கு 15 அம்பியர். 20 வாற் எல்.ஈ.டி. இரண்டுக்கு 5 அம்பியர்; ஓன் பண்ணும் கணத்திலேயே 5 போய்விடுகிறது என்றால் 7.5.

இடம்தான் முக்கியம். பற்றரி பொசிற்றிவுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் பூட்டுங்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது லைற்றை அல்ல, வயரை. லைற்றுக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் பற்றரியிலிருந்து அதுவரை வரும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. அந்த வயர் எங்காவது உரசி பொடியில் தொட்டால், பற்றரியின் முழு வலுவும் அதனூடாகப் பாயும். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் ஞாபகம் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்.

வயர் எவ்வளவு தடிப்பம்? வீட்டு வயரிங் செய்த மிச்சம் கிடக்கு, பாவிக்கலாமா?

30க்கும் 87க்கும் 2.5 சதுர மில்லிமீற்றர். 85, 86க்கு 0.75 போதும். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம். அது அதிர்வில் களைத்து முறிந்துவிடும். பல இழை வாகன வயர்தான் வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள், கிடைத்தால், வெள்ளீயம் பூசிய செம்பு இழை வாங்குங்கள்.

தடிப்பத்தில் மிச்சம் பிடித்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 மீற்றர் நீளமான 0.5 வயரில் 9 அம்பியர் ஓடினால் ஏறத்தாழ 1.25 வோல்ற் வழியிலேயே தொலைகிறது. ஹலோஜன் பல்ப்புக்கு வோல்ற் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது வீதம் அளவு குறையும். அதே நீளத்தில் 2.5 வயர் போட்டால் இழப்பு கால் வோல்ற்தான். லைற் மங்கல் என்று பல்ப்பை மாற்றிக்கொண்டே இருக்கிறவர்கள் பலருக்குக் குறை வயரில்தான்.

சுவிட்ச்சுக்குக் கரண்ட் எங்க இருந்து எடுக்கிறது?

பார்க் லைற் வயரிலிருந்து. பற்றரியைக் கழற்றும் முன்பே மல்ரிமீற்றரை வைத்து, பார்க் லைற் போட்டால் மட்டும் 12 வோல்ற் காட்டும் வயரைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து சுவிட்ச்சுக்கு, சுவிட்ச்சிலிருந்து 86க்கு. இப்படிச் செய்தால் பார்க் லைற் அணையும்போது ஃபொக் லைற்றும் அணையும், மறந்துபோய் எரியவிட இடமில்லை. பின் லைற்றும் கட்டாயம் எரிந்திருக்கும், மழையில் பின்னால் வருகிறவருக்கு அது தேவை.

பற்றரியிலிருந்து நேராகச் சுவிட்ச்சுக்குக் கொடுக்க வேண்டாம். வயரின் தோலைக் குத்தி இணைக்கும் பிளாஸ்ரிக் கிளிப்பும் நம் ஊருக்குச் சரிவராது. குத்திய இடத்தால் உப்பு ஈரம் உள்ளே போகும், ஒரு மாரிக்குள் செம்பு பச்சை பிடித்துவிடும்.

எர்த்தை எங்க குடுக்கிறது? எந்த ஆணியும் சரியா?

சரியில்லை. பெயின்ற் மின்சாரத்தைக் கடத்தாது, துருவும் கடத்தாது. செஸியிலோ பொடியிலோ திடமான ஓர் இடத்தைத் தேர்ந்து, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, வளைய முனை வைத்து இறுக்கி, மேலே வாஸ்லின் அல்லது கிறீஸ் பூசுங்கள். பூசுவது இறுக்கியபின்தான். பிளாஸ்ரிக் பம்பரில் எர்த் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

நிலாவெளி, குச்சவெளி, நகரத்தில் டச்பே பக்கம் வாகனம் நிறுத்துகிறவர்களுக்கு எர்த்தான் முதலில் பழுதாகும். உப்புக் காற்று விடாது. மாரிக்கு முன் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து பூட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இங்கே நிற்காது. கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டால் நிற்கும்.

வயரை எஞ்சின் பக்கமிருந்து உள்ளுக்கு எப்பிடிக் கொண்டுவாறது?

ஏற்கெனவே வயர்க் கட்டு நுழையும் ரப்பர் வளையம் இருக்கும், அதன் ஓரத்தால் நுழையுங்கள். புதிதாகத் துளைக்க நேர்ந்தால் ரப்பர் வளையம் போடாமல் வயரை விட வேண்டாம், தகட்டு விளிம்பு அதை அறுத்துவிடும். எஞ்சின் பக்கம் முழுக்க நெளிவுக் குழாய்க்குள் விடுங்கள். எக்ஸோஸ்ற், ஃபான், ஸ்டியரிங் தண்டு ஆகியவற்றிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். லைற்றுக்குள் நுழையும் முன் வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கப் பூட்டுவதும் அதற்காகத்தான்.

எந்த உயரத்தில பூட்டி, எப்பிடி நேர்பார்க்கிறது?

கார்களுக்கும் சிறு வான்களுக்கும் ஐக்கிய நாடுகள் வாகன விதிகள் சொல்வது: நிலத்திலிருந்து 25 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது, 80க்கு மேலே போகக் கூடாது, லோபீமைவிட உயரவும் கூடாது. இரண்டு லைற்றும் ஒரே உயரத்தில், நடுவிலிருந்து சம தூரத்தில். கூரைமேல் பூட்டினால் அது ஃபொக் லைற்றே அல்ல.

நேர்பார்க்க: சமதரையில், சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். லைற்றின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 10 சென்ரிமீற்றர் கீழே ஒரு கோடு போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் விழ வேண்டும். 60 சென்ரிமீற்றர் உயரத்தில் பூட்டிய லைற் அப்போது 30 மீற்றரில் நிலத்தைத் தொடும். வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் சாமானையும் ஏற்றிவிட்டுப் பாருங்கள். பின்பாரம் ஏறினால் மூக்கு மேலே தூக்கும், நேர்பார்த்ததெல்லாம் வீணாகும்.

பொலிஸ் பிடிக்குமா?

கண்ணைக் கூசவைத்தால் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். வாகன விளக்குகள் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வாங்கும் முன் உங்கள் வகை வாகனத்துக்கு மேலதிக லைற் அனுமதிக்கப்படுகிறதா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நிறம் வெள்ளை அல்லது மஞ்சள் மட்டும். நீலம், சிவப்பு, மினுங்குவது எதுவும் வேண்டாம். மழையோ பனியோ இல்லாத இரவில் அணைத்து வையுங்கள். கிண்ணியாப் பாலத்தில் எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரருக்கு ஒதுங்க இடமில்லை.

மோட்டார் சைக்கிளுக்கு, ஓட்டோவுக்குப் பூட்டலாமா?

ஹலோஜன் வேண்டாம். 5 அம்பியர்-மணி பற்றரியில் 9 அம்பியர் எடுத்தால் எஞ்சின் ஓடாமல் அரை மணித்தியாலமும் தாங்காது. எஞ்சின் ஓடினாலும் சிறிய சார்ஜிங் சுருளால் அதை ஈடுகட்ட முடியாது. ஒவ்வொன்றும் 10 வாற்றுக்கு மேற்படாத எல்.ஈ.டி. பார்க்கலாம்.

பழைய சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் ஹெட்லைற்றுக்கு வருவது பற்றரி மின்சாரம் அல்ல, சுருளிலிருந்து நேராக வரும் மாறுதிசை மின்சாரம். அந்த வயரிலிருந்து எடுத்தால் எல்.ஈ.டி. துடிக்கும் அல்லது எரிந்துபோகும். பூட்டியபின் எல்லா லைற்றையும் போட்டு, எஞ்சினைச் சற்றுக் கூட்டி, பற்றரி முனையில் அளந்து பாருங்கள். 13 வோல்ற்றுக்கும் கீழே நின்றால் பற்றரி இறங்கிக்கொண்டிருக்கிறது.

எங்கட மீன் லொறி 24 வோல்ற். ஒரு பற்றரியில இருந்து மட்டும் 12 எடுத்தாச் சரிதானே?

தயவுசெய்து செய்யாதீர்கள். தொடராக இணைத்த இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் அது எப்போதும் குறையாகவே இருக்கும். சார்ஜ் ஆகும்போது மற்றது அளவுக்கு மீறி நிரம்பும். கொஞ்சக் காலத்தில் இரண்டும் போய்விடும். 24 வோல்ற் லைற், 24 வோல்ற் ரிலே வாங்குங்கள். 70 வாற் பல்ப் இரண்டுக்கு 6 அம்பியர்தான் போகும், 10 அம்பியர் ஃபியூஸ் போதும்.

ஹைபிரிட் கார்?

செம்மஞ்சள் உறை போட்ட தடித்த வயர்கள் உயிரைப் பறிக்கும் வோல்ற் கொண்டவை. அவற்றுக்குப் பக்கத்தில் துளைக்கவும் கட்டவும் கூடாது. 12 வோல்ற் பற்றரி பலவற்றில் பின்பக்கம் இருப்பதால் வயரும் நீளும். இந்த வேலையை மட்டும் ஹைபிரிட் பழகிய மின்வேலைக்காரரிடம் கொடுங்கள்.

ரிலே 'டிக்' எண்டுது, லைற் எரியேல்லை. என்ன பிழை?

'டிக்' என்றால் 85, 86 பக்கம் சரி. மீற்றரை எடுத்து 30இல் அளந்து பாருங்கள்: 12 இல்லையென்றால் ஃபியூஸ் அல்லது அதன் தாங்கி. 30இல் 12 வந்தும் 87இல் வரவில்லையென்றால் ரிலே. இரண்டிலும் இருந்தால் லைற் முனையில் பாருங்கள். அங்கும் இருக்கிறதென்றால் எர்த். எல்.ஈ.டி. என்றால் பொசிற்றிவ், நெகற்றிவ் மாறியிருக்கலாம்.

ஒரு லைற் மட்டும் மங்கலாக எரிந்தாலும் முதலில் அதன் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். லைற்றின் எர்த் வயரிலிருந்து பற்றரி நெகற்றிவுக்கு, லைற் எரியும்போது அளந்தால் 0.2 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். ரிலே படபடவென்று அடித்தால், 86க்கு வரும் வோல்ற் போதவில்லை அல்லது 85இன் எர்த் தளர்ந்திருக்கிறது.

ஃபியூஸ் அடிக்கடி போகுது. 30 அம்பியர் போட்டா நிக்கும்தானே?

ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும். மேலே ஃபியூஸ் பற்றிச் சொன்னதை மீண்டும் வாசியுங்கள். இரண்டு லைற்றின் இணைப்பையும் கழற்றிவிட்டு ஓன் பண்ணுங்கள். இன்னும் போகிறதென்றால் வயர் எங்கோ பொடியில் உரசுகிறது. போகவில்லையென்றால் ஒவ்வொரு லைற்றாகப் பூட்டிப் பாருங்கள். மழையில் மட்டும் போகிறதென்றால் பம்பருக்குப் பின்னால் உள்ள இணைப்புக்குள் தண்ணீர்.

எல்.ஈ.டி. போட்டாப் பிறகு ரேடியோ இரையுது.

மலிவான எல்.ஈ.டி.க்குள் உள்ள மின்சுற்று வேகமாக ஓன்-ஓஃப் ஆவதால் எஃப்.எம்.மில் இரைச்சல் வரும். லைற்றின் வயரை அன்ரெனா வயரிலிருந்து விலக்கிப் போடுங்கள், எர்த்தைச் சுத்தமாக்குங்கள். லைற்றுக்குக் கிட்ட வயரில் ஃபெரைற் வளையம் (இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டினால் குறையும். அதற்கும் அடங்காவிட்டால் லைற்றைத்தான் மாற்ற வேண்டும்.

எல்லாம் சரி, ஆனா ரெண்டு நாள் நிப்பாட்டினா வண்டி ஸ்டார்ட் வருதில்லை. ஃபொக் லைற்றாலயா?

பார்க் லைற் வயரிலிருந்து எடுத்திருந்தால் அநேகமாக இல்லை. உறுதிப்படுத்த: கீயை எடுத்து, கதவுகளை மூடி, அரை மணித்தியாலம் பொறுத்து, நெகற்றிவ் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய கேபிளுக்கும் இடையில் மீற்றரை அம்பியரில் வையுங்கள். 0.05 அம்பியருக்குள் இருந்தால் வழமை. அதிகம் காட்டினால் ஃபொக் லைற் ஃபியூஸைக் கழற்றுங்கள். அளவு இறங்கினால் குறை உங்கள் வயரிங்கில்: 86க்கு எப்போதும் மின்சாரம் வருகிறது, அல்லது ரிலேயின் முனைகள் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அளவு இறங்காவிட்டால் மற்ற ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மீற்றர் இணைத்திருக்கும்போது வாகனத்தை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், மீற்றரின் உள் ஃபியூஸ் போய்விடும்.